எண்ணும் எழுத்தும்: தூண்டில் ராடு பிளாங்கின் மாடல் நம்பரையும் பவரையும் படிக்கும் முறை

சொந்தமாக ராடு கட்டலாம் என்று இறங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது பசையிலோ நூல் சுற்றுவதிலோ இல்லை, பிளாங்க் பட்டியலில்தான். 3சி68எம்எக்ஸ்எஃப், எம்பிஆர் 783சி, 6101எம்ஆர்பி, 590-4 என்று வண்டி நம்பர் பிளேட் மாதிரி வரிசையாக நிற்கும். பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு, விற்பவர் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

பிளாங்க் என்பது வளையம், கைப்பிடி, ரீல் சீட் (ரீலை மாட்டும் இடம்) எதுவும் பொருத்தாத வெறும் குழல். அதன் மாடல் நம்பருக்கும், கடையில் தயாராகக் கிடைக்கும் ராடின் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் நம்பருக்கும் பெரும்பாலும் இலக்கணம் ஒன்றுதான். அதனால் ராடு கட்டும் எண்ணமே இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். மாடல் நம்பரில் நீளம், எத்தனை துண்டு, எந்த வகை ரீலுக்கு என்பதெல்லாம் தகவல். பவர், அதாவது ராடை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது மட்டும், அந்தக் கம்பெனியின் அபிப்பிராயம். எல்லாருக்கும் பொதுவாக "இதுதான் மீடியம்" என்று எவரும் அளந்து வைக்கவில்லை.

படி 1: எந்தக் கம்பெனி, எந்த வரிசை

நம்பரைப் பிரிக்க உட்காருவதற்கு முன் அது யாருடையது என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் எழுத்து முறை தனி. அமெரிக்காவின் செயின்ட் குரோய் ஏவிஎஸ்66எம்எஃப்2 என்று எழுதினால், ஏவி என்பது அவிட் என்ற வரிசை, எஸ் ஸ்பின்னிங் (ராடுக்குக் கீழே தொங்கும் ரீலுக்கு), 66 என்பது 6 அடி 6 அங்குலம், எம் மீடியம் பவர், எஃப் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், கடைசி 2 இரண்டு துண்டு. (ஆக்‌ஷன் என்றால் ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பது, படி 3-ல் வரும்.) அதே கம்பெனி பிளாங்காக விற்கும்போது வரிசைப் பெயருக்குப் பதில் கார்பன் வகையின் எண் முன்னால் வரும். 3சி68எம்எக்ஸ்எஃப் என்றால் எஸ்சி3 வகைக் கார்பன், காஸ்டிங் (ராடின் மேலே உட்காரும் ரீலுக்கு), 6 அடி 8 அங்குலம், மீடியம், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். இதில் முதலில் நிற்கும் 3-ஐ பவர் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே தடம் மாறிவிடும்.

ஜி. லூமிஸில் முன்னால் வரும் எழுத்துகள் எந்த வேலைக்கான ராடு என்பதைச் சொல்லும். எம்பிஆர் என்றால் மேக் பாஸ் ராடு, ஜேடபிள்யூஆர் ஜிக் அண்ட் வார்ம், சிபிஆர் கிராங்க்பெய்ட், எஸ்ஜேஆர் ஸ்பின் ஜிக். இந்த எழுத்துகளை அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். பவர் எண் ஒன்றாகவே இருந்தாலும் சிபிஆரும் ஜேடபிள்யூஆரும் கையில் இரண்டு வேறு ராடுகள்.

ஜப்பானில் ஷிமானோவின் பாஸ் மீனுக்கான ராடுகளில் முதல் இலக்கம் ரீல் வகை. 1 என்றால் பெய்ட்காஸ்டிங் (மேலே சொன்ன காஸ்டிங்தான்), 2 என்றால் ஸ்பின்னிங். 1610எம் என்பது பெய்ட் ரீலுக்கான 6 அடி 10 அங்குல மீடியம். 264யுஎல்-2 என்பது ஸ்பின்னிங், 6 அடி 4 அங்குலம், அல்ட்ரா லைட், இரண்டு துண்டு. இது தெரியாதவர் 264 என்பதை 2.64 மீட்டர் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

படி 2: நீளத்தைப் பிடியுங்கள்

நம்பரில் எளிதில் உறுதி செய்யக்கூடியது நீளம்தான், ஆனால் அதிகம் பேர் தடுமாறுவதும் இங்கேதான். மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன: அடியும் அங்குலமும் சேர்த்து எழுதுவது, மொத்தத்தையும் அங்குலத்தில் எழுதுவது, சென்டிமீட்டரில் எழுதுவது.

84 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி–அங்குல முறையில் 8 அடி 4 அங்குலம். அங்குல முறையில் 84 அங்குலம், அதாவது சரியாக 7 அடி. ஒன்றே கால் அடிக்கும் மேல் வித்தியாசம். 66-ம் அப்படித்தான், 6 அடி 6 அங்குலமாகவும் இருக்கலாம், ஐந்தரை அடியாகவும் இருக்கலாம்.

லூமிஸின் எம்பிஆர் 783சி அங்குல முறை. 78 அங்குலம், அதாவது 6 அடி 6 அங்குலம், பவர் 3, சி காஸ்டிங். அதே பாணியில் எஸ்ஜேஆர் 720 என்றால் 72 அங்குலம், பவர் பூஜ்யம், ஆறடி நீளத்தில் மிக மென்மையான ராடு. இதற்குப் பக்கத்தில் கால்ஸ்டாரின் ஜிஎஃப் 700எச் இருந்தால், அங்கே 700 என்பது 7 அடி 0 அங்குலம், பவரை எச் என்ற எழுத்து தனியாகச் சொல்கிறது. 720, 700 இரண்டும் பார்க்க ஒரே குடும்பம் போல இருக்கும், ஆனால் ஒன்று சின்ன மீனுக்கான குச்சி, மற்றது கடலில் பெரிய மீனோடு மல்லுக்கட்டும் தடி.

டோபின்ஸின் 734சி அடி–அங்குல முறையில் வருகிறது. 7 அடி 3 அங்குலம், பவர் 4, காஸ்டிங். டைவாவின் 6101எம்ஆர்பி போன்ற ஜப்பானிய நம்பரில் 6 அடி 10 அங்குலம், 1 துண்டு, மீடியம், ரெகுலர் ஆக்‌ஷன், பெய்ட் ரீல். அங்குலம் ஓரிலக்கமாக இருந்தால் 661எம்ஆர்பி என்று மூன்று இலக்கத்தோடு முடிந்துவிடும், 10 அல்லது 11 அங்குலம் வந்தால் நாலு இலக்கமாக நீளும்.

சந்தேகம் வந்தால் ஒரே வழி, அந்தக் கம்பெனியின் பட்டியலில் அதே வரிசையைச் சேர்ந்த இன்னும் நாலைந்து மாடல்களை நீளத்தோடு சேர்த்துப் பாருங்கள். 783-க்கு நேராக 6 அடி 6 அங்குலம், 843-க்கு நேராக 7 அடி என்று இருந்தால் முறை பிடிபட்டுவிடும். ஒரு நம்பரை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 3: பவரையும் ஆக்‌ஷனையும் பிரியுங்கள்

எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவதால் எங்கே வெட்டுவது என்று குழப்பம் வரும். பவர் எப்போதும் முன்னால், ஆக்‌ஷன் பின்னால் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். பவருக்கு யுஎல் (அல்ட்ரா லைட்), எல் (லைட்), எம்எல் (மீடியம் லைட்), எம் (மீடியம்), எம்எச் (மீடியம் ஹெவி), எச் (ஹெவி), எக்ஸ்எச் (எக்ஸ்ட்ரா ஹெவி). ஆக்‌ஷனுக்கு எஸ் (ஸ்லோ), எம் (மாடரேட்), எஃப் (ஃபாஸ்ட்), எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்), நடுவில் மாடரேட் ஃபாஸ்ட். எம்எச்எஃப் என்றால் எம்எச் பவர், ஃபாஸ்ட். எம்எக்ஸ்எஃப் என்றால் எம் பவர், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். எம்எம் என்று பார்த்து அச்சுப் பிழையோ என்று திகைக்க வேண்டாம், மீடியம் பவர், மாடரேட் ஆக்‌ஷன். எம்எச்எம் என்பது மீடியம் ஹெவி, மாடரேட். ஒரே எம் முதலில் வந்தால் ஒரு பொருள், கடைசியில் வந்தால் வேறு பொருள்.

ஜப்பானிய நம்பர்களில் ஆக்‌ஷனுக்கு ஆர் என்று இருந்தால் ரெகுலர், ஏறக்குறைய நம் மாடரேட். மெகாபாஸ் இதைத் தலைகீழாக்கி ஆக்‌ஷனை முன்னால் வைக்கும். எஃப்5 என்றால் ஃபாஸ்ட், பவர் 5.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசுபவர்கள் நிறைய. பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் மேல் மூன்றில் ஒரு பாகம் மட்டும் மடங்கி, கீழே விறைப்பாக நிற்கும். மாடரேட் என்றால் பாதி வரை இறங்கும். ஸ்லோ என்றால் கைப்பிடி வரை முழுக்க வளையும். கடையில் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து "நல்ல ஸ்ட்ராங்" என்று சொல்வார்களே, அந்த ஆட்டலில் தெரிவது பெரும்பாலும் ஆக்‌ஷன்தான். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் எம்எல் ஒன்று, மாடரேட் எம்எச்சை விட விறைப்பானது போலக் கையில் ஏமாற்றும்.

படி 4: பவர் எழுத்தை எவ்வளவு நம்பலாம்

ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே வேலைக்கான ராடுகள் என்ற எல்லைக்குள் முழுமையாக நம்பலாம். அங்கே எம்எச் கட்டாயம் எம்மை விட பலமானது. எல்லை தாண்டினால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. பாஸ் மீனுக்கான எம்எச்சையும் மஸ்கி மீனுக்கான எம்எச்சையும் பக்கத்தில் வைத்து வளைத்துப் பாருங்கள், ஒரே எழுத்தை எப்படிப் போட்டார்கள் என்று தோன்றும். கரையிலிருந்து வீசும் சர்ஃப் ராடின் எம்மும் நன்னீர் ஸ்பின்னிங் ராடின் எம்மும் இன்னும் தூரம்.

எண்களாக வரும் பவரும் இப்படித்தான். லூமிஸின் 3, டோபின்ஸின் 3, மெகாபாஸின் 3 மூன்றும் ஒன்று என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எண்ணாக எழுதியிருப்பதால் ஏதோ அளந்து போட்டது போல ஒரு மயக்கம் வரும், அவ்வளவுதான்.

படி 5: பட்டியலில் உள்ள எடைகளைப் படியுங்கள்

அப்படியானால் இரண்டு கம்பெனிகளின் பிளாங்கை எப்படி ஒப்பிடுவது? முதலில் லூர் (செயற்கை இரை) எடை. அவுன்ஸில் இருந்தால் 28.35 கிராமால் பெருக்குங்கள். கால் முதல் முக்கால் அவுன்ஸ் என்றால் சுமார் 7 முதல் 21 கிராம். இந்த வரம்பின் இரண்டு ஓரங்களும் "முடியும்" என்பதற்காகப் போட்டவை, ராடு சுகமாக வேலை செய்வது நடுவில், இந்த உதாரணத்தில் 10 முதல் 14 கிராம் பக்கம். நீங்கள் அதிகம் வீசும் எடை எதுவோ அது வரம்பின் நடுவில் விழும் பிளாங்கைத் தேடுங்கள். எழுத்து எம்மா எம்எச்சா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நரம்பின் பலம், பவுண்டில். 10–17 பவுண்டு என்று போட்டிருந்தால் 17-க்கு மேல் கட்டினால் உடையும் என்று பொருளில்லை, பெரும்பாலும் மோனோ (ஒற்றை இழை) நரம்பை மனதில் வைத்துச் சொன்ன வழிகாட்டல். பின்னல் நரம்பு அதே பருமனில் பல மடங்கு பலம் தாங்கும், பலர் அதில் 30, 40 பவுண்டு சுற்றித்தான் பயன்படுத்துகிறார்கள். கட்டலாம், ஆனால் டிராக்கை (ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) ராடுக்கு ஏற்றபடி வையுங்கள், நரம்புக்கு ஏற்றபடி அல்ல. நரம்பு அறுந்து ராடைக் காப்பாற்றும் வாய்ப்பு பின்னல் நரம்பில் போய்விடுகிறது. மீனைக் கரையேற்றும்போது ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் மொத்தப் பாரமும் மெல்லிய நுனிப் பகுதியில் இறங்கும், உடைவதில் நிறைய அப்போதுதான்.

ஜப்பானிய ராடுகளில் நரம்பு பிஇ எண்ணில் வரும். அது பலமல்ல, பருமன். பிஇ 1 என்பது 200 டெனியர் (நூல் பருமனின் அளவை), பிஇ 2 அதன் இரு மடங்கு. எத்தனை பவுண்டு தாங்கும் என்பது நூலுக்கு நூல் மாறும்.

படி 6: விட்ட அளவுகள்

பட்டியலில் யாரும் கவனிக்காத இரண்டு பத்திகள் உண்டு, நுனி விட்டமும் அடி (கைப்பிடிப் பக்க) விட்டமும். எனக்குப் பவர் எழுத்தை விட இவற்றில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் வெர்னியர் காலிப்பர் வைத்து யாரும் சரிபார்க்கலாம்.

அமெரிக்கப் பட்டியலில் நுனி அளவு 4.5, 5.5, 6 என்று வெறும் எண்ணாக இருக்கும். அங்குலத்தில் 64-ல் எத்தனை பங்கு என்பதுதான் அது. 5.5 என்றால் சுமார் 2.18 மி.மீ., 6 என்றால் 2.38 மி.மீ. நுனி வளையம் வாங்க இந்த எண்தான் வேண்டும்.

அடி விட்டத்தில் விஷயம் இன்னும் அதிகம். சுவர் கனம் மாறாத மெல்லிய குழலில் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். அடி விட்டம் 12 மி.மீ. உள்ள பிளாங்கையும் 13.2 மி.மீ. உள்ளதையும் எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 10 சதவீதம்தான். ஆனால் 1.1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.33, அதாவது அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு, எடை கூடுவதோ சுமார் 10 சதவீதம். ஒரே வரிசையில் ஒரே நீளத்தில் இரண்டு பிளாங்க், நுனி ஒன்று போல, அடி மட்டும் தடிப்பு என்றால் அது வேகமான ஆக்‌ஷனும் முரட்டு முதுகெலும்பும் உள்ளது என்று நம்பரைப் பார்க்காமலே சொல்லலாம். வேறு வேறு கார்பனில் செய்தவை என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கண்ணாடி இழையில் செய்தது அதே பவருக்குக் கொஞ்சம் தடிப்பாகவே இருக்கும்.

கார்பன் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஎம்6, ஐஎம்8 என்பதெல்லாம் பவர் இல்லை, தரச் சான்றும் இல்லை. ஐஎம்6 என்பது ஹெர்குலிஸ் நிறுவனம் தன் கார்பன் இழைக்கு வைத்த வணிகப் பெயர், பிற்பாடு ஆளாளுக்கு அதைத் தங்கள் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டார்கள். 24டி, 30டி, 40டி என்று டன் கணக்கில் சொன்னால் அது இழையின் மாடுலஸ் (விறைப்பின் அளவு). 1.42-ஆல் பெருக்கினால் அமெரிக்கர்கள் சொல்லும் மில்லியன் பிஎஸ்ஐ கிடைக்கும், 30டி என்றால் சுமார் 43. மாடுலஸ் கூடினால் அதே பவரைக் குறைந்த எடையில் கட்டலாம், ராடு பலமாகிவிடும் என்று பொருளில்லை. 40டியில் அல்ட்ரா லைட்டும் செய்யலாம், கண்ணாடி இழையில் எக்ஸ்ட்ரா ஹெவியும் செய்யலாம்.

படி 7: வேறு வகை ராடுகளின் எண்கள்

ஃப்ளை ராடில் (நரம்பின் எடையாலேயே ஈ போன்ற இலேசான தூண்டிலை வீசும் ராடு) எம், எச் எல்லாம் கிடையாது, நரம்பின் எடை எண்தான் பவர். நரம்பின் முதல் 30 அடி எத்தனை கிரெய்ன் எடை என்பதை வைத்து அந்த எண் வருகிறது. 5 என்றால் 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். 8 என்றால் 210 கிரெய்ன், 13.6 கிராம். நரம்புக்காவது அளவு இருக்கிறது, அந்த நரம்புக்கு எந்த ராடு பொருத்தம் என்று முடிவு செய்வது மறுபடியும் கம்பெனிதான். சேஜ் 590-4 என்றால் 5 எடை, 9 அடி 0 அங்குலம், 4 துண்டு. ஸ்காட் 905/4 என்றாலும் அதே 9 அடி 0 அங்குலம், 5 எடை, 4 துண்டு. இலக்கங்கள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

கார்ப் (கெண்டை இன மீன்) ராடுகளில் டெஸ்ட் கர்வ் என்று ஒன்று. ராடின் நுனி கைப்பிடிக்குச் செங்கோணமாக வளைய எத்தனை பவுண்டு இழுவை வேண்டும் என்பது. 3 பவுண்டு என்றால் சுமார் 1.36 கிலோ. பழைய குத்துமதிப்புக் கணக்கு என்னவென்றால், ஒரு பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ் ஈயம் சுகமாக வீசலாம், நரம்பு ஐந்து மடங்கு பலம் இருக்கலாம். 3 பவுண்டு ராடுக்கு 85 கிராம் ஈயம், 15 பவுண்டு நரம்பு. இன்றைய ராடுகள் இதற்கு மேலும் வீசும். இருந்தாலும் ஒரு அளவையை அடிப்படையாக வைத்த எண் என்பதால் எனக்கு இது எழுத்துகளை விடப் பிடிக்கும்.

ஜப்பானிய சர்ஃப் ராடில் 30-405 என்று இருந்தால் 30 என்பது ஈய எண், 405 சென்டிமீட்டர் நீளம். ஈய எண் ஒன்றுக்கு 3.75 கிராம், ஆக 112.5 கிராம். பாறையிலிருந்து மிதவை போட்டுப் பிடிக்கும் ராடில் 1.5-530 என்று பார்த்தால் அங்கே 1.5 என்பது ஈயமல்ல, பவர் எண். நீளம் 5.3 மீட்டர். படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துப் பிடிக்கும் டிரோலிங் ராடுகளுக்கு 30, 50, 80, 130 பவுண்டு என்று நரம்பு வகுப்பே பவராகிவிடும்.

படி 8: நீங்களே அளந்து பாருங்கள்

வில்லியம் ஹானமன் என்ற அமெரிக்கர் 2003-ல் காமன் சென்ட்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார். ராடைப் படுக்கையாகப் பிடித்துவைத்து, நுனியில் பை கட்டி, அதில் ஒரு சென்ட் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, நுனி ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும் வரை எண்ணுவது. எத்தனை நாணயமோ அதுதான் பவர். இப்போதைய சென்ட் ஒன்று 2.5 கிராம் என்பதால் நாணயமே தேவையில்லை, தண்ணீர் போதும்.

மேஜை ஓரத்தில் ராடின் கைப்பிடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், படுக்கைமட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டியிருக்கும் நீளம் 210 செ.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கு 70 செ.மீ. எதுவும் தொங்கவிடாதபோது நுனி நிற்கும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள், அதற்கு 70 செ.மீ. கீழே இன்னொரு கோடு. நுனியில் நூல் கட்டி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கடைசியில் ஊசி போடும் சிரிஞ்ச் இருந்தால் நல்லது, கோட்டை நெருங்கும்போது ஒரு சொட்டில்கூட நுனி இறங்கும். கோட்டைத் தொட்டதும் பாட்டிலையும் நூலையும் தண்ணீரோடு சேர்த்து எடை போடுங்கள். அந்த கிராம்தான் உங்கள் ராடின் பவர். அதே நிலையில் நுனி படுக்கைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று ஒரு புகைப்படம் எடுத்து அளந்தால் ஆக்‌ஷனும் கிடைத்துவிடும். ஹானமன் கணக்கில் 66 டிகிரிக்கு மேல் ஃபாஸ்ட், 59-க்குக் கீழே ஸ்லோ.

ஒப்பிடும்போது இரண்டு ராடையும் ஒரே இடத்தில் பிடித்தே கிளாம்ப் போட வேண்டும். ஒன்றைக் கைப்பிடி நுனியிலும் மற்றதை ரீல் சீட்டிலும் பிடித்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

உடைந்த ராடுக்கு மாற்று பிளாங்க் தேடும்போது

பிடித்த ராடு உடைந்துபோனது, அந்த மாடல் இப்போது வருவதில்லை, இன்னொரு கம்பெனியில் அதற்கு இணை வேண்டும். பலர் எம்எச்எஃப் என்ற எழுத்துகளை எடுத்துக்கொண்டு கடை ஏறுகிறார்கள். அதற்குப் பதிலாக, பழைய ராடில் அதிகம் வீசிய லூர் எடை, நுனி விட்டம், கைப்பிடிக்கு மேலே உள்ள விட்டம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நீளத்தைச் சரியாக வைத்து, லூர் வரம்பின் நடுவைப் பொருத்துங்கள், அப்புறம் விட்டங்களைப் பாருங்கள். எழுத்தில் ஒரு படி கூடக் குறைய வந்தால் கவலை வேண்டாம்.

ஸ்பின்னிங் என்று போட்ட பிளாங்கில் காஸ்டிங் ராடு கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் கட்டலாம். வெறும் குழலுக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் தெரியாது, வளையத்தை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் நீளம் பொருந்தவில்லை என்று வெட்டப் போகிறீர்கள் என்றால் எந்த முனை என்பது முக்கியம். அடியில் இரண்டு அங்குலம் எடுத்தால் நுனியின் குணம் அப்படியே இருக்கும். நுனியில் எடுத்தால் மெல்லிய பகுதி போய், பவர் கூடி, ஆக்‌ஷன் மெதுவாகி, நுனி வளையமும் பெரிய அளவுக்குப் போகும். அதற்குப் பிறகு பிளாங்கில் அச்சிட்டிருக்கும் நம்பர் அந்த ராடுக்கு உரியதல்ல. வார்னிஷ் பூசுவதற்கு முன் புது நீளத்தையும் பாட்டில் வைத்து அளந்த கிராமையும் கைப்பிடிக்கு மேலே எழுதிவிடுங்கள்.